ஒன்று முதல் பூஜ்யம் வரை

ஓய்வு பெற்றவனிடம் எழுதக் கொடுத்தால் முதலில் தன் முதுகைத்தான் தட்டிக்கொள்வான். நானும் அதைத்தான் செய்யப்போகிறேன். அடக்கமாக ஆரம்பித்து, நடுவில் வழுக்கி, கடைசியில் மார்தட்டி முடிப்பதைவிட முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நாணயம். இந்த அலுவலகத்தில் இருந்த காலத்தில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சட்டைப் பொத்தான் இறுகுகிறது. மருத்துவர் அதற்கு வேறு காரணம் சொல்கிறார். அவர் புள்ளியியல் படித்தவர் அல்ல.

இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் R என்ற கணினி மொழியைக் கல்லூரியிலேயே கற்றுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் நாற்பதைத் தாண்டிய பிறகு, கம்பளிக் கடைக்கு மேலே உள்ள இதே மாடியில் கற்றேன். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து திரையை நனைக்கும். கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி தட்டுவேன். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் நிரலில் பிழை வந்தால் முதலில் திரையைத் துடைக்கிறேன். ஆகவே நிரல் எழுதுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை. எண்களை வரிசையாகப் போடச் சொன்ன ஒரே ஒரு வரி, பாச்சலூர் பக்கம் ஒரு பெண்மணியின் தோட்டத்தைத் தரிசாகப் போடப் பார்த்தது. அந்தக் கதையை மட்டும் சொல்கிறேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். விவசாயிகள் சங்கத்துக்காக மலையில் எந்தத் தோட்டத்தில் என்ன நிற்கிறது, எத்தனை நிற்கிறது என்று எண்ணி வைப்பது. எண்ணிய மரத்துக்கு ஒரு அலுமினியத் தகடு கொடுப்போம்; தோட்டக்காரர் கட்டிக்கொள்வார். தகட்டில் தோட்டத்தின் பெயரும் மரத்தின் எண்ணும் இருக்கும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் எண் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரு தோட்டத்தில் நாற்பது மரமென்றால் ஒன்று முதல் நாற்பது. அடுத்த தோட்டத்தில் பன்னிரண்டு என்றால் மறுபடி ஒன்று முதல் பன்னிரண்டு. இப்படித் தோட்டத்துக்கு ஒரு வரிசையாக, ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான வரிசைகளை R உருவாக்கித் தரும்.

எதற்கு இந்தச் சிரமம், மலை முழுவதற்கும் ஒரே தொடர் எண் போட்டுவிடலாமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. பெரும்பாறையில் ஆரஞ்சு மரங்களுக்கு அப்படித்தான் போட்டோம். ஒரு தோட்டக்காரர் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பக்கத்துத் தோட்டக்காரனுக்கு ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க. எனக்கு ஆயிரத்துச் சொச்சத்துலேர்ந்து ஆரம்பிக்குது. ஏங்க, எங்க மரம் என்ன வரிசையில நின்னு வந்துச்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாசலில் நிற்கும் முதல் மரத்துக்குச் சந்தனம் வைத்து, அதில் ஒன்றாம் எண் தகட்டைக் கட்டினால்தான் மனிதர்களுக்குத் தோட்டம் தங்களுடையதாகத் தெரிகிறது. அன்றிலிருந்து இந்த மலையில் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு ஒன்று உண்டு.

இந்த வரிசைகளைப் போட எங்களிடம் ஒரு வரி இருந்தது. எங்களுக்கு முன்னால் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு தோட்டத்தின் எண்ணிக்கையையும் n என்று எடுத்துக்கொண்டு, 1:n என்று கேட்கும். அவ்வளவுதான். காபிக்கு ஓடியது, ஆரஞ்சுக்கு ஓடியது, பேரிக்காய்க்கு ஓடியது. ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பல வருடம் தவறாமல் ஓடுகிற வரியை யாரும் படிப்பதில்லை. அலுவலகத்தில் மனிதர்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் நான் அவ்வளவு காலம் வேலையில் இருந்தேன்.

பிறகு மலை வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்தது. இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகி, மரம் குலை தள்ளாமல் அப்படியே நின்றுவிடும். மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். ஒன்றை விட்டுவைத்தாலும் அசுவினிப் பூச்சி நோயை அதிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோய்விடும். சங்கம் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது: தோட்டத்தைச் சுத்தமாக ஒழித்துவிடுங்கள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நோயில்லாத கன்று தருகிறோம். ஒரு வாழைகூட நிற்காத தோட்டத்துக்குத்தான் முதல் கன்று.

நம் ஆட்கள் போய் எண்ணினார்கள். நிற்கிற ஒவ்வொரு வாழைக்கும் தகடு. தகடே இல்லாத தோட்டம் எதுவோ அது சுத்தமான தோட்டம்; அவர்களுக்கு முதல் கன்று. கணக்கு இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. நிரல் ஓடியது. தகடுகள் தோட்டக்காரர்களுக்குக் கவரில் போய்ச் சேர்ந்தன. முதல் கன்று யாருக்கு என்று பெயர்களும் வந்துவிட்டன. பாச்சலூரில் விழா என்று சங்கத்துச் செயலாளர் ஃப்ளெக்ஸும் அடித்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள் காலை வீராயி வந்தார்.

மாடிப்படியில் ஏறும்போதே குரல் கேட்டது. "இங்க கம்ப்யூட்டர் ஆபீசு எதுங்க? கம்பளிக் கடைக்காரரு மேலங்கறாரு, மேல ஒரே பொகையா கெடக்கு."

புகை அல்ல, மேகம். அதற்குள்ளிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து, என் மேசையில் இரண்டு தகடுகளை டக்கென்று வைத்தார். தோட்டத்தின் பெயருக்குக் கீழே ஒன்றில் '1' என்று இருந்தது. மற்றதில் '0'.

"வெள்ளனே பஸ் ஏறுனேன், இன்னும் ஒரு வாய் காப்பி குடிக்கல. இது என்னன்னு சொல்லுங்க."

"தகடும்மா."

"தகடுன்னு எனக்குத் தெரியாதா? நிக்கிற மரத்துக்குத்தான் தகடுன்னீங்க. எந்தோட்டத்துல மரமே இல்ல. எல்லாத்தையும் நோண்டி எடுத்துட்டோம். நல்லா நின்னதையும் சேத்து எடுத்தேன், விட்டா வம்புன்னு ஒங்க ஆளுதான் சொன்னாரு. இப்ப ரெண்டு தகடு வந்துருக்கு. சரி, ஒண்ணாம் நம்பரை எங்கயாவது கட்டிக்கிறேன். இந்த முட்டையை எங்க கட்ட? எங் கழுத்துலயா?"

"அது வந்தும்மா..."

"வந்து போயில்லாம் வேணாங்க. தகடு இருக்கறதால எனக்குக் கன்னு கெடையாதாம். நாளைக்கு வண்டி வருது. குழியெல்லாம் வெட்டிப் போட்டுக் கெடக்கு. இந்த மழையை விட்டா அடுத்த வருசந்தான். அதுவரைக்கும் குழிக்குள்ள நாந்தான் எறங்கி நிக்கணும்."

நான் எண்ணிக்கைக் கோப்பில் அவருடைய பதிவைத் திறந்தேன். வீராயி தோட்டம், நிற்கும் மரங்கள்: 0. எண்ணியவர்கள் சரியாகத்தான் எண்ணியிருந்தார்கள். ஆனால் அதே தோட்டத்துக்கு இரண்டு தகடுகளும் இருந்தன.

எனக்குக் குழப்பம் வரவில்லை; நிம்மதி வந்தது. இதைக் கவனியுங்கள், இளையவர்களே. அவசர நேரத்தில் வரும் நிம்மதியைப் போல ஆபத்தானது எதுவுமில்லை. அந்த இரண்டு தகடுகளின் பதிவை அழித்தால் தகடு போய்விடும். தகடு போனால் பெயர் வந்துவிடும். அம்மாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, அடுத்த பஸ்ஸில் அனுப்பிவிடலாம். என் விரல் அழிக்கும் பொத்தானின் மேல் போய்விட்டது.

"சார், ஒரு நிமிஷம்" என்றார் மேடம்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவர். திண்டுக்கல்காரர். என்னைவிடப் பல வயது இளையவர், என்னைவிடப் பல மடங்கு தெரிந்தவர். இரண்டுமே எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. குரலை உயர்த்தமாட்டார். எதிராளிக்குப் பதில் தெரியாத கேள்வியை மெதுவாகக் கேட்பார். அது குரலை உயர்த்துவதைவிட மோசம்.

"இவங்க பஸ் ஏறி வந்துட்டாங்க" என்றார். "பஸ் ஏறாதவங்க?"

என் விரல் தானாகப் பின்வாங்கியது.

வீராயிக்குக் காபி வந்தது. நாங்கள் தேடினோம். நிற்கும் மரம் பூஜ்யம் என்று பதிவான ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டே தகடுகள் போயிருந்தன. எல்லா இடத்திலும் அதே இரண்டு: 1, 0. உடனே நான் இன்னொரு குறுக்குவழியைச் சொன்னேன். "மேடம், பூஜ்யம்னு இருக்கற தகடு எல்லாத்தையும் மொத்தமா தூக்கிடுவோம்." மேடம் என்னையே பார்த்தார். பூஜ்யத்தைத் தூக்கினாலும் அந்த ஒன்று நிற்குமே என்பது எனக்கு உறைக்கும்வரை பார்த்தார். இல்லாத மரங்கள் இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டு மற்றதைக் காப்பாற்றியிருப்பேன்.

பிறகு அந்த வரியைப் படித்தோம். பல வருடங்களில் முதல் முறையாக.

1:n. நாற்பது மரமென்றால், ஒன்றிலிருந்து நாற்பது வரை போ. ஒரு மரமென்றால், ஒன்றிலிருந்து ஒன்று வரை போ. மரமே இல்லையென்றால்? ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை போ. மனிதனாக இருந்தால் திருதிருவென்று விழித்திருப்பான். R விழிக்கவில்லை. ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்குப் போக வேண்டுமானால் பின்னால் ஓரடி வைத்தால் போதும் என்று கண்டுபிடித்து, மிகுந்த மரியாதையோடு 1, 0 என்று இரண்டு எண்களைக் கொண்டுவந்து வைத்தது. காபியிலும் ஆரஞ்சிலும் இது வெளியே தெரியவில்லை, ஏனென்றால் அதுவரை ஒன்றுமே இல்லாத தோட்டத்தை இந்த மலையில் யாரும் எங்களுக்கு எண்ணிக் கொடுத்ததில்லை. உலகத்தில் ஏதாவது இருந்தவரைக்கும் அந்த வரி சரியாக இருந்தது.

தகடு அடித்த காதர் பாய்க்கு மேடம் போன் போட்டார். பஜாரில் பூட்டு, சாவி, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் செய்கிறவர் அவர்.

"பாய், மர நம்பர் வெறும் பூஜ்யம்னு தகடு அடிச்சீங்களா?"

"அடிச்சனே மேடம். எக்கச்சக்கமா அடிச்சேன். சைபர் அச்சே தேஞ்சு போச்சு."

"ஏன்னு கேக்கலயா பாய்?"

"கேக்கலாம்னுதான் போனை எடுத்தேன். இஞ்சினியரிங் படிக்கிற எம் மகன் வேணாம்னுட்டான். கம்ப்யூட்டர்காரங்க சைபர்லேர்ந்துதான் எண்ணுவாங்க அத்தா, கேட்டா சிரிப்பாங்கன்னான். ஒங்க மானத்தைக் காப்பாத்தத்தான் நான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

இதில் யாரைக் குறை சொல்வது? அவர் மகன் சொன்னது பாதி உலகத்துக்கு உண்மைதான். R ஒன்றிலிருந்து எண்ணுகிற மொழி என்பது அந்தப் பையனின் பாடத்தில் இல்லை.

அப்படியானால் ஃப்ளெக்ஸில் பெயர் வந்தவர்கள் யார்? சுத்தமான தோட்டங்கள் அத்தனைக்கும் தகடு போய்விட்டதென்றால், தகடே இல்லாத தோட்டங்கள் எங்கிருந்து வந்தன? மேடம்தான் அதையும் கேட்டார். தேடிப் பார்த்தோம். அவை பூட்டிக் கிடந்த தோட்டங்கள். உரிமையாளர்கள் திருப்பூரிலும் கோயமுத்தூரிலும் இருக்கிறார்கள். நம் ஆட்கள் போனபோது கேட்டைத் திறக்க ஆளில்லை. எண்ணவில்லை, எண்ணாததால் தகடு இல்லை, தகடு இல்லாததால் சுத்தம். வேலிக்கு வெளியிலிருந்தே தெரிகிறபடி உள்ளே நோய் பிடித்த வாழை ஜம்மென்று நிற்கிறது. அங்கே போய்ப் புதுக் கன்றை நட்டால் அடுத்த மழைக்குள் அதுவும் கொத்தாகிவிடும்.

ஆக, சொன்னபடி கேட்டு எல்லாவற்றையும் தோண்டி எடுத்தவர்களுக்குக் கன்று இல்லை. எட்டிக்கூடப் பார்க்காதவர்களுக்குக் கன்று உண்டு. இது எங்கள் யாருடைய கண்ணிலும் படாததற்குக் காரணம் வேறெதுவுமில்லை. அந்தப் பெயர்களெல்லாம் பெரிய மனிதர்களின் பெயர்கள். இந்த மாதிரி விஷயங்களில் பெரிய மனிதர்கள் முன்னால் வருவது எங்களுக்கு இயற்கையாகத் தோன்றிவிட்டது.

செயலாளர் மத்தியானம் வந்தார். நல்ல மனிதர். விழா என்றால் மட்டும் வேறு மனிதர்.

"ஏம்மா, ஒரு லைன் தப்புன்னா ஒரு லைனைத் திருத்துங்க. அதுக்காக விழாவையே திருத்தணுமா? வண்டி கெளம்பிருச்சு. ஃப்ளெக்ஸ் கட்டியாச்சு. நாளைக்கு இருக்கறபடி குடுத்துருவோம். இந்தம்மாவுக்கு ஒரு பங்கு தனியா எடுத்து வச்சுக்கலாம். அடுத்த லோடுல மத்தவங்களைப் பாத்துக்கலாம்."

வீராயி ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் பங்கு உறுதியாகிவிட்டது என்று தெரிந்ததும் ஒருவர் என்ன செய்வார் என்று நானும் பார்த்தேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்கு மட்டும் குடுத்தா ஊருக்குள்ள நான் எப்புடிங்க போறது? மேடத்தைப் புடிச்சு வாங்கிட்டா வீராயின்னு ஏசுவாளுக" என்றார்.

மேடம் செயலாளரிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. குரல் உயரவில்லை. "சார், ஃப்ளெக்ஸ்ல இருக்கறவங்க தோட்டத்துல இந்தக் கன்னை நட்டா செத்துரும். நாளைக்கு மேடையில குடுக்கப்போறது கன்னா, நோயான்னு மட்டும் சொல்லிடுங்க. அதுக்கேத்த மாதிரி கணக்கை ஓட்டித் தர்றோம்."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் வயதில் மூத்தவன், பக்குவமாக எதையாவது சொல்லி நடுவில் முடித்துவைப்பேன் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் தெரிந்தது. பக்குவமாக நடுவில் முடித்துவைப்பதில்தான் நான் என் பணிக்காலம் முழுவதையும் கழித்திருந்தேன். என்ன ஆயிற்றோ தெரியவில்லை. "மேடம் சொல்றதுதான் சார்" என்றேன். மூன்றே வார்த்தை. இதற்குத்தான் மார்தட்டப்போகிறேன் என்று ஆரம்பத்தில் சொன்னேன் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் மேடம் வரியை மாற்றினார். 1:n போய், 'மொத்தம் n எண் மட்டும் தா' என்று கேட்கிற seq_len(n) வந்தது. பிறகு அதுவும் போய், எல்லாத் தோட்டத்து எண்ணிக்கைகளையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு எல்லா வரிசைகளையும் ஒரேயடியாகத் தருகிற sequence வந்தது. 3, 0, 2 என்று கொடுத்தால் 1 2 3 1 2 என்று தரும்; நடுவில் இருக்கும் தோட்டத்தைப் பற்றி மூச்சு விடாது. இந்த வித்தை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல விரும்புவது வேறு. 'எங்கிருந்து எங்கே' என்று கேட்டால் எந்திரம் எப்படியாவது ஒரு வழி கண்டுபிடித்துப் போய்ச் சேரும். 'எத்தனை' என்று கேட்டால்தான் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு அதற்கு வாய் கிடைக்கும். மனிதர்களிடமும் இதே முறையில் கேட்டுப் பாருங்கள். பலன் உண்டு.

புதிய வரியை நம்பி மேடம் உட்கார்ந்துவிடவில்லை. பூட்டிய தோட்டங்களை 'எண்ணப்படவில்லை' என்று தனியாகப் பிரித்துவைத்தார். பூஜ்யத் தோட்டக்காரர்களுக்கு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் போன் போட்டோம். "தோட்டத்தில் வாழை நிற்கிறதா?" என்று மட்டும் கேட்டோம். ஒருவரும் நிற்கிறது என்று சொல்லவில்லை. பூஜ்யத் தகட்டை என்ன செய்தீர்கள் என்று நான் ஆசைக்குக் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் பலா மரத்தில் கட்டியிருந்தார். ஒருவர் ஆட்டின் கழுத்தில். ஒருவர் மட்டும் அது ஏதோ அரசாங்க விஷயம் என்று பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார்.

மறுநாள் காலை பாச்சலூர். சாமியானா, ஒலிபெருக்கி, கன்று ஏற்றிய வண்டி. மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ். அதில் பூட்டிய தோட்டத்துப் பெரியவர்கள் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் பெயர்களை மாற்றி வாசிக்கச் சம்மதித்திருந்தார். ஆனால் அதை யார் அறிவிப்பது என்று வந்தபோது அவருக்குத் திடீரென்று தொண்டை கட்டிவிட்டது. மேடம் மைக்கை வாங்கினார்.

"தப்பு எங்க கணக்குல. ஒண்ணுமே இல்லாத தோட்டத்துக்கு ரெண்டு மரம்னு எண்ணிட்டோம். எல்லாத்தையும் எடுத்தவங்களுக்குத்தான் இன்னிக்குக் கன்னு. பூட்டியிருக்கற தோட்டத்தைத் திறந்து காட்டுங்க, எண்ணுறோம். சுத்தமா இருந்தா அடுத்த வண்டி ஒங்களுக்கு." அவ்வளவுதான். மன்னிப்புக்கும் விளக்கத்துக்கும் சேர்த்து ஐந்தே வரி. நான் எழுதியிருந்தால் முன்னுரையே அதைவிட நீளமாக இருந்திருக்கும்.

கூட்டம் சளசளத்தது. வெள்ளைச் சட்டையில் ஒருவர் முன்னால் வந்தார். கோயமுத்தூர்ப் பெரியவர் ஒருவரின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற காரியஸ்தர். கன்று ஏற்ற டிராக்டரோடு வந்திருந்தார். மேடத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்; ஆண்பிள்ளை, நரைத்தவன், இவன்தான் பெரியவன் என்று நினைத்திருப்பார்.

"என்ன சார் வெளையாடுறீங்களா? எங்க மொதலாளி பேரு ஃப்ளெக்ஸ்ல இருக்கு. போட்டோவோட இருக்கு. இப்ப கன்னு இல்லைன்னா நான் என்னத்தைக் கொண்டுக்கிட்டுப் போறது?"

"ஃப்ளெக்ஸைக் கொண்டுக்கிட்டுப் போங்க" என்றேன். "கன்னு இங்க இருக்கட்டும்."

சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். சாமியானாவின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் சிரித்தாள், அடுத்து அவள் பக்கத்தில் இருந்தவள், அப்புறம் எல்லோரும். காரியஸ்தரே சிரித்துவிட்டார். விழா முடிந்ததும் உண்மையிலேயே அதை அவிழ்த்து மடித்து டிராக்டரில் போட்டுக்கொண்டு போனார். மழைக்காலம், ஃப்ளெக்ஸ் வீணாகாது. அடுத்த வாரமே அந்தக் கேட் திறந்தது, நோய் வாழை வெளியே வந்தது என்றும் கேள்விப்பட்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே கள வேலை அந்த ஒரு வாக்கியம்தான். இப்போது மார்தட்டிக்கொள்கிறேன், தயவுசெய்து யாரும் குறுக்கே வராதீர்கள்.

வீராயியின் கன்றுகளை நம் ஜீப்பில்தான் ஏற்றினோம். தூறிக்கொண்டிருந்தது. குழிகளெல்லாம் சொன்னபடியே வெட்டிக் கிடந்தன, செம்மண் சகதியாக. வெரசா நட்டுவிட வேண்டும் என்று அவர் மண்ணில் இறங்கிவிட்டார். எனக்கும் ஒரு கன்றைக் கொடுத்தார். நட்டேன். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் அதைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, நேராக வேறுமாதிரி நட்டார்.

"சார், நீங்க ஆபீசையே பாருங்க" என்றார். மேடம் நட்ட கன்றை அவர் தொடவில்லை. கவனித்தேன்.

மறுநாள் அலுவலகம் வந்ததும் மேடம் ஒரு காரியம் செய்தார். புதிதாக எழுதுகிற நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கு என்று நாம் வைத்திருக்கிற சின்னச் சோதனைக் கோப்பில் ஒரு தோட்டத்தைச் சேர்த்தார். பெயர்: வீராயி தோட்டம். மரங்கள்: 0. அதில் தவறாமல் ஓடினால்தான் எந்த நிரலும் இந்த மாடியை விட்டு இறங்கலாம் என்பது அன்றிலிருந்து சட்டம். நீங்களும் முதல் நாளே அதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் ஒருவர் அதைக் குப்பை வரி என்று நினைத்து நீக்கப் போனதாகவும், மேடம் ஒரு கேள்வி கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். என்ன கேள்வி என்று நான் விசாரிக்கவில்லை. அனுதாபங்கள்.

வீராயி பின்னால் ஒரு தடவை வந்தார். முதல் குலை இறங்கியிருந்தது. பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போனது போக ஒரு சீப்பு எங்களுக்கு. நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தபோது அவர் என் திரையை எட்டிப் பார்த்தார். தன் பெயர் இருப்பதைக் கண்டு முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்ததைப் பார்த்ததும் மாறியது.

"எம் பேருக்கு நேரா என்னங்க முட்டை?"

"அது ஒங்களுக்கு நாங்க தர்ற மரியாதைங்க" என்றார் மேடம்.

"மரியாதையா? அங்க வந்து பாருங்க, குலை தள்ளி முட்டுக் குடுக்கக் கம்பு பத்தல. இங்க ஒண்ணுமில்லைன்னு எழுதி வச்சிருக்கீங்க. இதுவா மரியாதை? மொதல்ல அதை மாத்துங்க."

மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து விளக்கினார். எந்தக் கணக்கும் முதலில் இந்த ஒன்றுமில்லாத தோட்டத்துக்குள் போய்ச் சரியாக வெளியே வர வேண்டும். வந்தால்தான் மற்றவர்களிடம் விடுவோம். வீராயி முழுவதையும் கேட்டார்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "ஆனா பாக்கறவன் இப்பவும் முட்டைதான்னு நெனைக்கமாட்டானா? பக்கத்துல ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க."

"என்னன்னு?"

சொன்னார். மேடம் தலையசைத்தார். நான் பழம் தின்ற கையைத் துடைத்துக்கொண்டு தட்டினேன்.

அந்த வரியின் ஓரத்தில், எந்திரம் படிக்காமல் தாண்டிப்போகிற # குறிக்குப் பின்னால், 'இது அப்ப' என்று இருக்கிறதே, அது எழுத்துப்பிழை அல்ல. அதை யாரும் திருத்தக் கூடாது.